கொள்ளுப்பாட்டி பேரு கிரயப் பத்திரத்துல இருந்துச்சு

கிடைச்சிடுச்சுங்க!

எங்க கொள்ளுப்பாட்டியோட பேரு கிடைச்சிடுச்சு.

எங்க அப்பாவைப் பெத்த தாத்தா இருக்காரில்லையா, அவரைப் பெத்த அம்மா. வீட்டுல ஒருத்தருக்கும் அவங்க பேரு தெரியாது. தாத்தா இருந்தவரைக்கும் "ஆத்தா"ன்னு மட்டும்தான் சொல்லுவாரு. "ஆத்தா வெச்ச தென்னமரம்", "ஆத்தா இருந்தா இதை விட்டிருக்குமா?" இப்படித்தான் பேச்சு வரும். ஒரு படம் கூடக் கிடையாது. அமாவாசைத் தர்ப்பணத்துல ஐயர் மூணு தலைமுறைப் பேரைக் கேப்பாரு. ஆம்பளைங்க பேரெல்லாம் கடகடன்னு வரும். கொள்ளுப்பாட்டி எடம் வந்ததும் எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்குவோம்.

அந்தப் பேரை 1933ல எழுதின ஒரு கிரயப் பத்திரத்துல பாத்தேன்.

(பேரை இங்க எழுதல. அத்தைகிட்ட சொன்னப்ப, "முதல்ல நம்ம வீட்டுல ஒரு பொண் கொழந்தைக்கு வெப்போம், அப்புறமா ஊருக்குச் சொல்லலாம்"னுட்டாங்க. அத்தை சொன்னா சொன்னதுதான்.)

இந்தத் தேடல்ல நான் இறங்கினப்ப எனக்கு வழி சொல்ல ஆள் இல்ல. வீடியோ வீடியோவாப் பாத்தேன். பாத்துப் பாத்து எரிச்சல்தான் வந்துச்சு. எல்லாத்துலயும் ஒரே பாட்டு. உங்க கவுண்டி ஆபீசுக்குப் போங்க, சர்ச்சுப் பதிவேட்டைப் பாருங்க, சென்சஸ் தாளை எடுங்க. அவங்களுக்குச் சரி. இங்கிலாந்துல 1538லயே ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணையும் எழுதி வெக்கணும்னு உத்தரவு போட்டுட்டாங்க. அமெரிக்காவுல சென்சஸ்ல எடுத்த வீட்டு வாரிப் பட்டியலை 72 வருஷம் கழிச்சு எல்லாரும் பாக்கலாம். 1950ல எடுத்ததை 2022ல திறந்து விட்டாங்க. தாத்தா பேரு, பாட்டி பேரு, வயசு, எந்தத் தெரு, என்ன வேலை, எல்லாம் அதுல இருக்கும்.

நமக்கு?

நம்ம ஊர்லயும் நூறு வருஷத்துக்கு மேலா வீடு வீடாப் போய் மக்கள்தொகைக் கணக்கு எடுத்திருக்காங்க. ஆனா தனி ஆளோட விவரம் வெளிய வராது. 1948ம் வருஷத்து சட்டமே அதை யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சொல்லுது. நம்ம கைக்கு வர்றதெல்லாம் கூட்டுத்தொகை. தாலுகாவுல இத்தனை ஆம்பளை, இத்தனை பொம்பளை. அந்த இத்தனையில எங்க ஆத்தாவும் ஒண்ணு. அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது.

சரி, பிறப்பு இறப்புப் பதிவேடு? சென்னை மாகாணத்துக்கு 1899லயே அதுக்குச் சட்டம் வந்துடுச்சு. ஆனா கிராமத்துப் பழைய பதிவேடு இன்னிக்கு எங்க இருக்குன்னு தேடிப் பாருங்க. ஒரு அலுவலகத்துல, செல்லரிச்சுப் போச்சும்மான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இருக்கற எடத்துலயும் குழந்தை பேருன்னு போட்ட கட்டம் பல பக்கத்துல காலியாத்தான் இருக்கும். நம்ம வழக்கத்துல பேர் வெக்கறதுக்கு முன்னாடியே பதிவேட்டுல எழுதிடுவாங்க. "பெண் குழந்தை"ன்னு இருக்கும். அவ்வளவுதான்.

அதனால நான் இப்ப எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணே ஒண்ணு.

நம்ம ஊர்ல முன்னோரைத் தேடணுமா? நிலத்தைத் தேடுங்க.

நமக்குக் குடும்பப் பேருன்னு ஒண்ணு வாலா வராது. அப்பா பேருதான் இனிஷியல். ஒரு தலைமுறை தாண்டினா அதுவும் மாறிடும். ஆனா ஒரு பழைய பத்திரத்தை எடுத்துக்கோங்க. எழுதிக் குடுக்கறவரு யாரு, அவரு யாரோட குமாரரு, எந்த ஊரு, எந்தத் தெரு, என்ன தொழில், எழுதி வாங்கறவரு யாரு, அவரு யாரு குமாரரு... முதல் நாலு வரியிலயே ரெண்டு தலைமுறை வந்துடும். அதுக்குக் கீழ இந்தச் சொத்து தனக்கு எப்படி வந்துச்சுன்னு சொல்லியாகணும். "என் தகப்பனார் இன்னார் இன்ன தேதியில் இன்னாரிடம் கிரயம் வாங்கி அனுபவித்து வந்து, அவருக்குப் பின் பிதுரார்ஜிதமாய் எனக்குப் பாத்தியப்பட்டு..." இப்படி. அந்தப் பழைய பத்திர நம்பரையும் அதுலயே சொல்லியிருப்பாங்க. அதை எடுத்தா அதுக்கு முந்தினது. இப்படியே பின்னாடி போய்க்கிட்டே இருக்கலாம். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒண்ணு கிடைச்சுதுன்னா அது பொக்கிஷம். அண்ணன் தம்பி, செத்துப்போனவங்களோட வாரிசு, மைனர் பசங்க வயசு வரைக்கும் ஒரே எடத்துல கிடைச்சிடும்.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. எந்த ஆபீசுக்குப் போறதுங்கறது.

எங்க கிராமம் இன்னிக்கு திருவாரூர் மாவட்டம், குடவாசல் வட்டம். ஆனா 1933ல திருவாரூர் மாவட்டமே கிடையாதே! அது 1997ல வந்தது. அதுக்கு முன்னாடி நாகப்பட்டினம் மாவட்டம், அது 1991ல பிறந்தது. அதுக்கும் முன்னாடி தஞ்சாவூர் ஜில்லா. குடவாசலே அந்தக் காலத்துல நன்னிலம் தாலுகாவுக்குள்ள இருந்த ஊருதான். கிராமம் இருந்த எடத்துலதான் இருக்கு, அதுக்கு மேல இருக்கற பேரு மட்டும் மாறிக்கிட்டே வந்திருக்கு. பத்திரப் பதிவு அலுவலகத்துக்கும் இதே கதை. புது சார்பதிவகம் திறப்பாங்க, பத்துக் கிராமத்தைப் பிரிச்சு அதுக்குக் குடுப்பாங்க. பழைய புத்தகம் பழைய ஆபீஸ்லயே கிடக்கும். அதனால கிராமம் இப்ப எங்க சேர்ந்துருக்குன்னு கேட்டு நிறுத்திடாதீங்க. பத்திரம் எழுதின வருஷத்துல எந்த சப் ரிஜிஸ்திரார் கீழ இருந்துச்சுன்னு கேளுங்க. வீட்டுல ஏதாவது ஒரு பழைய பத்திரம் இருந்தா அதோட தலைப்புலயே இருக்கும், "தஞ்சாவூர் ஜில்லா... சப்டி"ன்னு (சப்டின்னா சப் டிஸ்ட்ரிக்ட்).

முதல்ல பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு பக்கம் போனேன். அதை வேகமா சொல்லி முடிச்சிடறேன். 1979ல ஆரம்பிச்சு 80கள்ல நடந்த யு.டி.ஆர். வேலையில பட்டாவெல்லாம் புதுசாத் திருத்தி எழுதினாங்க. அதுக்கு முன்னாடி இருக்கறது செட்டில்மென்ட் காலத்துப் பதிவேடு, தமிழும் இங்கிலீஷும் பக்கத்துப் பக்கத்துல போட்ட டைகிளாட் ரிஜிஸ்டர். சர்வே நம்பரும் நடுவுல மாறியிருக்கும், பழைய நம்பர் எது புது நம்பர் எதுன்னு ஒப்பிட்டுப் பாக்கணும். அடங்கல் வருஷா வருஷம் எழுதறது. அதுல பசலி ஆண்டுதான் இருக்கும், ஜூலையில ஆரம்பிச்சு ஜூன்ல முடியும். பசலியோட 590 கூட்டினா நமக்குத் தெரிஞ்ச வருஷம். 1343ம் பசலின்னா 1933-34.

இதுல இருந்து தாத்தா பேரும் கொள்ளுத்தாத்தா பேரும் அவங்க அண்ணன் தம்பி பேரும் கிடைச்சுது. பொம்பளை பேரு? ஒண்ணு கூட இல்ல. பட்டாங்கறது தீர்வை கட்டற ஆளோட பட்டியல். தீர்வை யாரு கட்டினாங்களோ அவங்க பேருதான் அதுல ஏறும். (1980ல கணக்குப்பிள்ளை வேலையையே எடுத்துட்டு கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தாங்க இல்லையா? அந்தச் சமயத்துல சில ஊர்ல பழைய கணக்கு முழுசா கை மாறலைன்னு பெரியவங்க சொல்லுவாங்க. உங்க ஊர்ல பழைய கணக்குப்பிள்ளை வீட்டாரு இருந்தா ஒரு எட்டு போய்ப் பேசிட்டு வாங்க. நிலத்தைப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்ச அளவு யாருக்கும் தெரியாது.)

அங்கேருந்து பத்திரப் பதிவு அலுவலகம்.

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச எடமா ஆயிடுச்சு, நிஜமாத்தான் சொல்றேன்.

வில்லங்கச் சான்று எடுத்த அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். 1975க்குப் பின்னாடி நடந்ததை வீட்டுல உக்காந்தே பாத்துடலாம். ரொம்பப் பழசுக்குப் போகணும்னா மனு போட்டு, தேடுதல் கட்டணம் கட்டி, ஆளே உக்காந்து பழைய புத்தகத்தைப் புரட்டணும். நம்மள்ல பல பேருக்குத் தெரியாதது என்னன்னா, சார்பதிவகத்துல ரெண்டு விதமா அட்டவணை உண்டு. ஒண்ணு சொத்து வாரியா, கிராமம், சர்வே நம்பர்னு. இன்னொண்ணு ஆள் பேரு வாரியா. எழுதிக் குடுத்தவங்க, எழுதி வாங்கினவங்க ரெண்டு தரப்பும் அதுல வரும். முன்னோரைத் தேடறவங்களுக்கு இந்த ரெண்டாவதுதான் உயிர். சொத்து கை மாறிப் போயிருந்தாலும், சர்வே நம்பரே தெரியலைன்னாலும், ஆள் பேரை வெச்சுப் பிடிச்சிடலாம். இதை வாயைத் திறந்து கேட்டாத்தான் உண்டு.

புத்தகத்துலயும் வகை இருக்கு. நிலம், வீடு சம்பந்தப்பட்டதெல்லாம் 1ம் புத்தகம். அதை யாரு வேணாலும் கட்டணம் கட்டிப் பாக்கலாம், நகல் வாங்கலாம். உயில், தத்து எடுக்கக் குடுத்த அதிகாரம் இதெல்லாம் 3ம் புத்தகம். உயில் எழுதினவரு உயிரோட இருக்கற வரைக்கும் அவருக்கோ அவரு நியமிச்ச ஆளுக்கோ தவிர வேற யாருக்கும் நகல் கிடையாது. அவரு காலத்துக்கு அப்புறம் யாரு கேட்டாலும் குடுக்கலாம். 1908 பதிவுச் சட்டத்துலயே இது தெளிவா இருக்கு. நூறு ரூபாயும் அதுக்கு மேலயும் பெறுமானமுள்ள நிலத்தை வித்தா பதிவு பண்ணியே ஆகணும்னு 1882லயே வந்துடுச்சு. நம்ம தாத்தா பாட்டியோட விஷயம் இவ்வளவு நாளும் அங்க பத்திரமா இருக்கறதுக்கு அதுதான் காரணம். நூறு வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒரு குமாஸ்தா பத்திரத்தை வார்த்தைக்கு வார்த்தை கையால புத்தகத்துல எழுதி வெச்சிருக்காரு. அந்த மனுஷன் எந்த ஊரோ. அவருக்கு எங்க குடும்பமே கடமைப்பட்டிருக்கு.

அந்த 1933ம் வருஷத்துப் பத்திரத்தோட நகல் கையில வந்துச்சு. படிக்க முடியல.

மூணு பக்கம், ஒரே வாக்கியம். நடுவுல ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. வருஷத்துக்கு ௵, மாசத்துக்கு ௴, தேதிக்கு ௳னு சுழிச்சு வெச்சிருக்கு. "மேற்படி"ங்கறதுக்குப் பதிலா எங்க பாத்தாலும் "ஷை". ஷை கிராமம், ஷை நன்செய், ஷையார். நில அளவு மா, குழின்னு இருக்கு, அதுவும் தமிழ் எண்ணுல, பின்னத்தோட. (தஞ்சாவூர்க் கணக்குல நூறு குழி ஒரு மா, மூணு மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி.)

எங்க பக்கத்துல வயசான பத்திர எழுத்தர் ஒருத்தர் இருக்காரு. வேலையை விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு. அவருகிட்ட கொண்டு போனேன். கண்ணாடியைத் தூக்கி நெத்தியில விட்டுட்டு, தாளை மூக்குக்கிட்ட வெச்சுக்கிட்டு, ராகம் போடற மாதிரி வாசிக்க ஆரம்பிச்சாரு. எனக்கு அதுல பாதி புரியவே இல்ல, ஆனா நிறுத்தவும் மனசு வரல. "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது"ன்னு வர்ற எடத்துல அவரு தாளையே பாக்கல. வாய் தானா சொல்லுது.

"ஐயா, முதல் வரிய இன்னொரு தடவை படிங்க"ன்னேன்.

படிச்சாரு. 1933ம் வருஷம், ஸ்ரீமுக வருஷம், ஆவணி மாசம். காலஞ்சென்ற இன்னாரோட (எங்க கொள்ளுத்தாத்தா) பாரியாளும், மைனர்கள் இன்னார், இன்னார் இவர்களின் தாயும் கார்டியனுமான...

அதுக்கு அடுத்த வார்த்தை எங்க ஆத்தாவோட பேரு.

ரெண்டு மைனர்ல ஒண்ணு எங்க தாத்தா. வயசு சுமார் ஒம்பது.

இந்தப் பத்திரத்தை நீங்க ஒரு வக்கீல் கண்ணால பாத்தா ரொம்ப சாதாரணம். என் கண்ணுக்கு அது ஒரு குடும்பத்தோட ஒரு வருஷம். ஏன்னா, அந்தக் காலத்துல மைனர் சொத்தைத் தாயார் வித்தா குடும்ப அவசியத்துக்காகத்தான் விக்கறேன்னு காரணத்தோட எழுதியாகணும். இல்லைன்னா பையன் மேஜர் ஆனதும் கோர்ட்டுக்குப் போய் விக்கிரயம் செல்லாதுன்னு சொல்லிடலாம். அதனால வாங்கறவரு தரப்பே விடாப்பிடியா நின்னு எல்லாக் காரணத்தையும் எழுத வெச்சிடுவாங்க. அந்த விடாப்பிடிதான் எனக்கு இன்னிக்குக் கதையாக் கிடைச்சிருக்கு. கொள்ளுத்தாத்தா பேருல புரோநோட்டுக் கடன். வட்டி ஏறிப் போச்சு. தீர்வை பாக்கி. மைனர்களோட அக்கா ஒருத்தி, அவ கல்யாணத்துக்கு வாங்கின கடன். (தாத்தாவுக்கு அக்கா இருந்தாங்கன்னே எங்களுக்கு அன்னிக்குத்தான் தெரியும்!) மிச்சம் சாப்பாட்டுச் செலவுக்கு.

1930கள்ல நெல் விலை படுமோசமா விழுந்துச்சு. தஞ்சாவூர் ஜில்லாவுல கடனுக்கு நிலம் போன குடும்பம் ஏராளம். 1938ல விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு நிலைமை முத்திப் போச்சு. பள்ளிக்கூடத்துல உலகப் பொருளாதார மந்தம்னு படிச்சிருக்கேன். அது எங்க வாய்க்கால் கரைக்கே வந்து, புருஷனைப் பறிகுடுத்த ஒரு பொம்பளை முன்னாடி நின்னிருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

எழுத்தரய்யா அதோட விடல. "சாட்சியைப் பாரும்மா"ன்னாரு.

கீழ ரெண்டு சாட்சி. ஒருத்தர் உள்ளூர்க்காரரு. இன்னொருத்தர் வேற ஊரு, நாச்சியார்கோயில் பக்கம். "இது யாரு தெரியுமா? அந்தம்மா பொறந்த வீட்டு ஆளா இருக்கும். அந்தக் காலத்துல பொம்பளை கையெழுத்துப் போடற பத்திரத்துக்குப் பொறந்த வீட்டுல இருந்து ஒருத்தரைக் கூப்பிட்டு வெச்சுக்குவாங்க. நாளைக்கு ஏமாத்திட்டாங்கன்னு பேச்சு வரக் கூடாது பாரு." அப்புறம் அதே ஊர்ப் பக்கம் விசாரிச்சதுல, அந்தப் பேருல ஒருத்தர் இருந்ததும், அவரு தங்கச்சியை எங்க ஊர்ல குடுத்திருந்ததும் நிஜம்தான்னு தெரிஞ்சுது. எங்க கொள்ளுப்பாட்டியோட பொறந்த ஊரு ஒரு சாட்சிக் கையெழுத்துல ஒளிஞ்சிக்கிட்டு இருந்திருக்கு. பத்திரம் பாக்கறவங்க தயவுசெஞ்சு கடைசிப் பக்கம் வரைக்கும் படிங்க. சாட்சி யாரு, எழுதினவரு யாரு, அடையாளம் காட்டினவரு யாரு, எல்லாத்தையும் குறிச்சுக்கோங்க. நாலு எல்லை சொல்ற செக்குபந்தியையும் விடாதீங்க. பக்கத்து நிலத்துக்காரர் பாதி நேரம் பங்காளியாத்தான் இருப்பாரு.

நகல்ல கையெழுத்து எடத்துல "கீறல், இடது கைப் பெருவிரல் ரேகை"ன்னு எழுத்துதான் இருக்கும். ரேகை இருக்கறது அசல்ல. அசல் வாங்கினவங்க வீட்டுல இருக்கணும். அந்தக் குடும்பம் இன்னும் அதே ஊர்லதான் இருக்கு. போய்க் கேட்டேன். சொத்துல வம்பு பண்ண வந்திருக்கோம்னு நெனைச்சுடுவாங்களோன்னு பயம். அந்த வீட்டுப் பெரியம்மாகிட்ட, "நிலம் உங்களுதுதாம்மா, எங்க பாட்டியோட ரேகையை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்"னு சொன்னதும் அவங்க கண்ணு கலங்கிடுச்சு. மருமகளைக் கூப்பிட்டு இரும்புப் பெட்டி சாவியை எடுத்துட்டு வரச் சொன்னாங்க.

மஞ்சத் துணியில சுத்தி வெச்சிருந்தாங்க. அஞ்சாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட முத்திரைத்தாள். மடிச்ச எடமெல்லாம் கிழிஞ்சு, பின்னாடி தாள் ஒட்டி வெச்சிருக்கு. கடைசிப் பக்கத்துல, ரேகை. நடுவுல கருப்பா அப்பியிருக்கு, ஓரத்துல கோடு கோடாத் தெளிவா இருக்கு. குறுக்க ஒரு வெள்ளைக் கோடு, தழும்பு மாதிரி. அருவாமணையோ கருக்கறுவாளோ பட்டிருக்கணும். விரல் ரொம்பச் சின்னது. என் கட்டை விரலைப் பக்கத்துல வெச்சுப் பாத்தேன், தாளைத் தொடாம.

பெரியம்மா காப்பி குடுத்துத்தான் அனுப்பினாங்க.

இப்ப எனக்கு ஒரு கோவம் இருக்கு. அதையும் சொல்லிடறேன்.

நம்ம வீட்டுப் பொம்பளைங்க பேரு பதிவேட்டுல எப்ப வருதுன்னு பாருங்க. ஒண்ணு, புருஷன் செத்து, மைனர் பிள்ளைக்குக் கார்டியனா நிலத்தை விக்கறப்ப. அடுத்தது விடுதலைப் பத்திரம். 1956ல இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்ததும் அப்பா சொத்துல மகளுக்கும் பங்குன்னு ஆச்சு. உடனே சார்பதிவகத்துல விடுதலைப் பத்திரம் குவிய ஆரம்பிக்குது. அக்கா, தங்கச்சி எல்லாரும் வரிசையா நின்னு, எனக்குப் பங்கு வேண்டாம், அண்ணனுக்கே விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்திருப்பாங்க. 1989 திருத்தத்துல தமிழ்நாட்டுல பூர்வீகச் சொத்துலயே மகளுக்குச் சம பங்கு வந்ததுக்கு அப்புறமும் அது நிக்கல.

எங்க அப்பாவோட ஒண்ணுவிட்ட அத்தைங்க எல்லாருடைய பேரு, அவங்க புருஷன் பேரு, கட்டிக் குடுத்த ஊரு, எல்லாத்தையும் நான் அப்படி ஒரே ஒரு விடுதலைப் பத்திரத்துலதான் முழுசாப் பாத்தேன். வம்சாவளி போடறவங்களுக்கு அதைவிட நல்ல தாள் கிடைக்காது. ஆனா அவங்க பேரெல்லாம் அங்க வந்ததே அவங்க ஒண்ணை விட்டுக் குடுத்ததாலதான். இழந்தப்பதான் எழுதியிருக்காங்க. சேத்தப்ப யாரும் எழுதல. எங்க ஆத்தா நட்ட தென்னை எந்தக் கணக்குலயும் அவங்க பேருல இல்ல.

அதனால எங்க வீட்டுல நான் போட்டிருக்கற வம்சாவளியில பொண்ணுங்க பேரைக் கிளையில தொங்க விடல. அவங்களையும் தண்டுலயே எழுதியிருக்கேன். பொறந்த ஊரு, புகுந்த ஊரு ரெண்டையும் போட்டு.

தேடப் போறவங்களுக்கு ஒண்ணு. நம்ம பக்கம் பேரனுக்குத் தாத்தா பேரை வெப்போம். அதனால ஒரே பேரு ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துக்கிட்டே இருக்கும். 1890ல இருக்கறவரும் 1940ல இருக்கறவரும் ஒரே ஆள் மாதிரித் தெரியும். தகப்பனார் பேரையும் சேத்துப் பாத்தாத்தான் பிரிக்க முடியும். வயசு "சுமார்"னுதான் போட்டிருப்பாங்க, அதை வெச்சுப் பொறந்த வருஷம் கணக்குப் போட்டா நாலஞ்சு வருஷம் முன்ன பின்ன இருக்கும்.

சொல்ல வந்ததுல பெருசு ஒண்ணு மிச்சம் இருக்கு.

இவ்வளவு நேரம் நான் சொன்னதெல்லாம் நிலம் இருந்தவங்களுக்கு. நிலமே இல்லாதவங்க?

என் கூடப் படிச்சவ ஒருத்தி. எங்க ஊருதான், காலனித் தெரு. அவ தாத்தா எங்க ஊருப் பண்ணையில பண்ணையாளா இருந்தவரு. நான் ஆத்தா பேரைக் கண்டுபிடிச்ச கதையை அவகிட்ட சந்தோஷமா சொல்லிக்கிட்டு இருந்தேன். முழுசாக் கேட்டுட்டு, "எங்க தாத்தாவுக்கு இப்படித் தேட முடியுமாடி?"ன்னா.

அதுக்கப்புறம் நான் படிச்சது, விசாரிச்சது எல்லாம் அதைத்தான்.

வேடிக்கை இல்ல, வேதனை என்னன்னா, ஊரை விட்டுக் கப்பல் ஏறிப் போனவங்களைப் பத்தின விவரம் ஊர்லயே இருந்தவங்களை விட அதிகமா இருக்கு. 1860ல சென்னையில இருந்து ட்ரூரோங்கற கப்பல் நேட்டாலுக்குப் போச்சு. அதுல ஆரம்பிச்சு 1911 வரைக்கும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல ஒப்பந்தக் கூலியாப் போனாங்க. ஒவ்வொருத்தருக்கும் நம்பர், பேரு, தகப்பன் பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல இருக்கற அடையாளம் வரைக்கும் எழுதி வெச்சிருக்காங்க. கரும்புத் தோட்டத்துல அடையாளம் கண்டு பிடிக்கறதுக்காக எழுதினது. இன்னிக்கு டர்பன்ல இருக்கற பேரப் பிள்ளைங்க அதை வெச்சுத்தான் நம்ம ஊருக்கு வந்து கிராமத்தைத் தேடறாங்க. கிறிஸ்தவங்களா இருந்தா சர்ச்சுல ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். தரங்கம்பாடியில லுத்தரன் மிஷன் 1706லயே வந்துடுச்சு, நம்ம டெல்டாவுல பல ஊருக்கு அந்த வழி இருக்கு.

எங்கயும் போகாம, மதமும் மாறாம, அதே வயல்ல நின்னவங்களுக்கு வழி ரொம்பக் குறுகல். தஞ்சாவூர் ஜில்லாவுக்குன்னே 1952ல பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 1969ல குத்தகை சாகுபடி பண்றவங்க பேரைப் பதிவு பண்ணச் சட்டம் வந்துச்சு. 1971ல குடியிருப்புச் சட்டம். அடுத்தவங்க நிலத்துல குடிசை போட்டுக் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே சொந்தமாக்கினது அதுதான். தலைமுறை தலைமுறையா அந்த மண்ணுல உழைச்ச பல குடும்பத்துக்கு, தன் பேரு ஒரு நிலப் பதிவேட்டுல ஏறினது அன்னிக்குத்தான் முதல் தடவை.

எங்க ஆத்தா 1933லயே தாள்ல இருக்காங்க. என் கூடப் படிச்சவளோட தாத்தா அதே வயல்ல நாத்து முடி தூக்கினவரு, தாள்ல வர்றதுக்கு அவரு கிழவனாகற வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்திருக்கு. இந்த வித்தியாசத்தை நான் இதுக்கு முன்னாடி உக்காந்து யோசிச்சுப் பாத்ததே கிடையாது.

இப்ப ரெண்டு பேரும் சேந்துதான் தேடறோம். அவ அப்பா படிச்ச ஆரம்பப் பள்ளியோட பழைய சேர்க்கைப் பதிவேட்டுல தகப்பன் பேரு இருக்கும், அதை முதல்ல பாக்கப் போறோம். அவ தெருவுல இருக்கற ஒரு பாட்டிகிட்ட உக்காந்து, நடவுக்கு யார் யாரு போனாங்க, யாருக்கு யாரு கொழுந்தனாரு, யாரு மலேயாவுக்குக் கப்பல் ஏறினாங்கன்னு பேச்சைப் பதிவு பண்ணிக்கிட்டு இருக்கோம். அந்தப் பாட்டிக்குத் தெரு முழுக்க மூணு தலைமுறை மனப்பாடம். (இதை எல்லாருமே செய்யலாம். ஆபீசுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கற பெரியவங்ககிட்ட போங்க. தாள் நாளைக்கும் இருக்கும்.)

1971 குடியிருப்புச் சட்டத்துல குடுத்த பழைய பட்டாவைத் தாலுகா அலுவலகத்துல தேடி எடுத்தவங்க யாராவது இருந்தா எனக்குச் சொல்லுங்க. எந்தப் பிரிவுல கேக்கணும், எந்த வருஷத்துப் பதிவேட்டுல ஆரம்பிக்கணும், மனுவுல என்ன எழுதணும்னு தெரிஞ்சா போதும். அலைச்சலுக்கு நாங்க ரெண்டு பேரும் தயாரா இருக்கோம்.